மலேசியாவின் கூட்டாட்சி: கோயில் நிலம் முதல் சரவாக் நுழைவுச் சீட்டு வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேல் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு ஒரு கோயில் நிர்வாகக் குழுவில் மாட்டிக்கொண்டேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்ட அதே சந்தேகங்களைக் குழுக் கூட்டத்தில் பெரியவர்களும் கேட்கிறார்கள். "இது மாநிலமா, மத்தியா?" என்று தொடங்கி எங்கெங்கோ போகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு என் பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன்.

சார், நம்ம நாடு இவ்வளவு சின்னது. இதுக்கு எதுக்கு பதிமூணு மாநில அரசாங்கம்?

மாநிலங்கள்தான் முதலில் இருந்தன, நாடு அப்புறம்தான் வந்தது. இதை மனதில் வைத்தால் பாதிச் சந்தேகம் தீரும். பேராக், கெடா, ஜொகூர் எல்லாம் தனித்தனி சுல்தான் ஆண்ட தனித்தனி நாடுகள். யாரோ வரைபடத்தில் கோடு போட்டு ஒரு நாட்டைப் பதிமூன்றாகப் பிரிக்கவில்லை. ஏற்கெனவே இருந்தவற்றை ஒன்றாகக் கட்டியபோது, கட்டிய கயிறு கூட்டாட்சி.

இன்றைய கணக்கு 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள். ஒன்பது மாநிலங்களுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் உண்டு. பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நான்கிலும் ஆளுநர். கோலாலம்பூர், லாபுவான், புத்ராஜெயா மூன்றும் நேரடியாக மத்திய அரசின் கீழ்.

அப்போ இதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட திட்டம்தானே?

திட்டம் என்று சொன்னால் அவர்களுக்கு அதிக மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். கைக்கு வந்ததை வந்தபடி பிடித்தார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826இலிருந்து நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் அவர்களுடைய சொந்த உடைமை. 1874இல் பங்கோர் ஒப்பந்தம் மூலம் பேராக்கில் ஒரு ரெசிடென்டை உட்கார வைத்தார்கள். மலாய்ச் சமயம், வழக்கம் தவிர மற்ற எல்லா விஷயத்திலும் அவர் சொல்வதை சுல்தான் கேட்டு நடக்க வேண்டும். முதல் ரெசிடென்ட் பெர்ச் மறு வருடமே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார், ஆனாலும் ஏற்பாடு நிலைத்தது. அந்த "சமயம் தவிர" என்ற வரியை மறக்காதீர்கள். இஸ்லாம் இன்றுவரை மாநில அதிகாரத்தில் இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கையும் சேர்த்து 'கூட்டு மலாய் மாநிலங்கள்' என்று பெயர் வைத்தார்கள், தலைநகர் கோலாலம்பூர். பெயரில்தான் கூட்டு. நடைமுறையில் எல்லா முடிவும் கோலாலம்பூரில் உட்கார்ந்திருந்த ரெசிடென்ட் ஜெனரல் கையில். சுல்தான்களுக்கே அது பிடிக்கவில்லை. 1903 தர்பாரில் பேராக் சுல்தான் இட்ரிஸ் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். சயாமின் பிடியிலிருந்த கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு 1909இல் பிரிட்டிஷார் பக்கம் வந்தன. அவையும் ஜொகூரும் அந்தக் கூட்டில் சேர மறுத்துத் தனியே நின்றன. ஆக ஒரு சின்னத் தீபகற்பத்துக்குள் மூன்று விதமான ஆட்சி.

மலாயன் யூனியன்னு ஒண்ணு வந்துச்சே, அது ஏன் ரெண்டு வருஷம்கூட தாங்கல?

போர் முடிந்து திரும்பி வந்த பிரிட்டிஷாருக்கு இந்த மூன்று வித ஆட்சி பெரிய தலைவலியாகத் தெரிந்தது. சிங்கப்பூரை மட்டும் தனியே வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் ஒரே ஒற்றையாட்சியாக்க முடிவு செய்தார்கள். 1945 கடைசியில் ஹெரால்ட் மெக்மைக்கேல் என்பவர் சுல்தான் சுல்தானாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். ஜப்பானியர் காலத்தில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற விசாரணைப் பேச்சு பின்னால் தொங்கிக்கொண்டிருந்தபோது, மறுத்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? 1946 ஏப்ரல் 1 அன்று மலாயன் யூனியன் பிறந்தது. ஆட்சியாளர்களிடம் சமயமும் வழக்கமும் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை.

இரண்டு விஷயம் மலாய்க்காரர்களைக் கொதிக்க வைத்தன. ஒன்று, சுல்தான்களின் இறையாண்மை போனது. இன்னொன்று, இங்கே பிறந்த எல்லாருக்கும் குடியுரிமை என்ற தாராளமான ஏற்பாடு. சொங்கோக் தொப்பியில் வெள்ளைத் துணி கட்டி ஒரு வாரம் துக்கம் அனுசரித்தார்கள். ஆளுநர் எட்வர்ட் ஜென்ட் பதவியேற்ற விழாவுக்கு சுல்தான்கள் போகவே இல்லை. அம்னோ என்ற மலாய்க்காரர் கட்சி பிறந்தது அந்த மே மாதத்தில்தான். கடைசியில் பிரிட்டிஷார் இறங்கி வந்தார்கள். 1948 பிப்ரவரி 1 அன்று யூனியன் போய், ஒன்பது மாநிலங்களும் பினாங்கு, மலாக்காவும் சேர்ந்த மலாயாக் கூட்டரசு வந்தது.

என் அபிப்பிராயத்தில் நம் நாட்டுக் கூட்டாட்சியின் உண்மையான பிறந்தநாள் இதுதான். பாடப்புத்தகத்தில் 1957க்குக் கிடைக்கும் பக்கங்கள் இதற்குக் கிடைப்பதில்லை.

அந்த நேரத்துல நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் நின்னாங்க?

சங்கடமான கேள்விதான். மலாயன் யூனியனில் தோட்டத் தமிழருக்குக் குடியுரிமை எளிது. அதற்குப் பின் வந்த கூட்டரசில் குடியுரிமை நிபந்தனைகள் மிகக் கடுமையாகின. அதாவது, எந்தக் கூட்டாட்சி மலாய் ஆட்சியாளர்களைக் காப்பாற்றியதோ, அதே ஏற்பாடு நம்மில் நிறையப் பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

1946 ஆகஸ்டில் ஜான் தீவி தலைமையில் தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரஸ் அப்போது ஆட்சிப் பக்கம் இல்லை. கூட்டரசு ஒப்பந்தத்தை எதிர்த்த பல இனக் கூட்டணியில் இருந்தது. 1947 அக்டோபர் 20 அன்று நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது, கடைகள் மூடிக்கிடந்தன. அந்தக் கூட்டணி மாற்று அரசியல் சாசனம் ஒன்றையும் எழுதிக் கொடுத்தது. பிரிட்டிஷார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

1957 சாசனத்தை எழுதினதுல மலேசியக்காரங்க யாருமே இல்லையாமே, நிஜமா?

வரைவு எழுதிய ரீட் ஆணையத்தில் இல்லை, நிஜம்தான். பிரிட்டிஷ் நீதிபதி ரீட் தலைவர். கூட ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வில்லியம் மெக்கெல், இந்தியாவிலிருந்து அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக், பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீத். உள்ளூர்க்காரர் இருந்தால் பாரபட்சம் வரும் என்ற யோசனை. ஆனால் 1957இல் வந்த அந்த வரைவு அப்படியே சட்டமாகவில்லை. ஆட்சியாளர்களும் அம்னோ தலைமையிலான கூட்டணிக் கட்சியும் உட்கார்ந்து திருத்தினார்கள்.

ஆணையத்துக்குக் கொடுத்த உத்தரவிலேயே விடை எழுதியிருந்தது: வலுவான மத்திய அரசு வேண்டும், மாநிலங்களுக்கு ஓரளவு சுயாட்சி. அந்த "ஓரளவு"தான் இன்றைய எல்லாப் பஞ்சாயத்துக்கும் காரணம்.

எங்க கோயில் நிலத்துக்கு அமைச்சரையே நேர்ல பாத்துட்டோம். இன்னும் ஒண்ணும் நடக்கல, ஏன்?

எந்த அமைச்சர் என்று முதலில் கேட்பேன். மத்திய அமைச்சர் என்றால், பாவம், அவரால் சிபாரிசுக் கடிதம்தான் தர முடியும். சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன: மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். பாதுகாப்பு, காவல், கல்வி, சுகாதாரம், வருமான வரி, குடிநுழைவு எல்லாம் மத்தியில். நிலம், காடு, இஸ்லாமியச் சமய நிர்வாகம், ஊராட்சி மாநிலத்தில். 1965இன் தேசிய நிலச் சட்டம் தீபகற்பம் முழுவதற்கும் ஒரே மாதிரி நடைமுறையைக் கொடுத்தது உண்மை. ஆனாலும் நிலத்தைக் கொடுக்கும் அதிகாரம் 'மாநில அதிகாரி' என்று அந்தச் சட்டம் சொல்லும் இடத்தில், அதாவது ஆட்சியாளர் அல்லது ஆளுநர் பெயரில், இருக்கிறது. நடைமுறையில் மாநில அரசை நடத்தும் மந்திரி பெசாரும் அவருடைய ஆட்சிக்குழுவும்.

எங்கள் குழுவே இதில் மூன்று வருடத்தை வீணடித்தது. மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவுக்கு நான்கு முறை வேன் எடுத்துப் போனோம், மாலை போட்டோம், படம் எடுத்தோம். மாவட்ட நில அலுவலகத்தில் போய்ப் பார்த்தால் எங்கள் விண்ணப்பத்துக்குக் கோப்பு எண்ணே இல்லை.

தமிழ்ப்பள்ளி விஷயம் இன்னும் சிக்கல். பள்ளி, ஆசிரியர், பாடத்திட்டம் மத்திய அரசு. பள்ளி நிற்கும் மண் மாநில விவகாரம், பல இடங்களில் தோட்ட நிறுவனத்தின் சொத்து. ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் நிலப் பிரச்சினை வந்த இடங்களிலெல்லாம் மூன்று கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டும்.

தைப்பூசத்துக்கு பினாங்குல லீவு, திரங்கானுல இல்ல. ஒரே நாடுதானே?

மாநில விடுமுறை மாநிலத்தின் அதிகாரம், அவ்வளவுதான். பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர், கோலாலம்பூர், புத்ராஜெயாவில் தைப்பூச விடுமுறை உண்டு. வார விடுமுறைகூட அப்படித்தான். கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளி, சனி. ஜொகூர் 2014இல் அதற்கு மாறி, 2025 தொடக்கத்தில் மறுபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் கேக்குறார்: அதென்ன ராஜாவையே தேர்ந்தெடுக்குறீங்க? ஒரு ஊர்ல மந்திரி பெசார், ஒரு ஊர்ல முதலமைச்சர்?

ஒன்பது ஆட்சியாளர்கள் இருக்கும் நாட்டில் யாரை மாமன்னர் ஆக்குவது? ஒருவரை நிரந்தரமாக்கினால் மற்ற எட்டு பேருக்கும் மனத்தாங்கல். அதனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆட்சியாளர்கள் மாநாட்டில் தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநர்களுக்கு அதில் ஓட்டு இல்லை. முதல் மாமன்னர் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான். பொருத்தமான ஆள்தான், ஏனென்றால் அந்த மாநிலத்து ஆட்சியாளரையே நான்கு உண்டாங் தலைவர்கள் கூடித்தான் தேர்ந்தெடுப்பார்கள். 'நெகிரி செம்பிலான்' என்றாலே ஒன்பது நாடுகள் என்று பொருள். கூட்டாட்சிக்குள் ஒரு குட்டிக் கூட்டாட்சி.

பரம்பரை ஆட்சியாளர் உள்ள மாநிலத்தில் அரசுத் தலைவர் மந்திரி பெசார், ஆளுநர் உள்ள மாநிலத்தில் முதலமைச்சர். சரவாக் மட்டும் 2022இலிருந்து 'பிரிமியர்' என்று மாற்றிக்கொண்டது.

சரவாக்குக்கு வேலைக்குப் போறேன். என் சொந்த நாட்டுக்குள்ள போக எனக்கே எதுக்கு பெர்மிட்?

ஏனென்றால் சரவாக்கும் சபாவும் வேறொரு பேரம் பேசி உள்ளே வந்தவை. மேலே சொன்ன 1948, 1957 ஏற்பாடு தீபகற்பத்தின் கதை. 1961 மே மாதம் மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சிங்கப்பூரில் ஒரு மதிய விருந்தில் மலேசியா யோசனையை வெளியிட்டபோது, சபாவும் சரவாக்கும் இருக்கும் போர்னியோவில் பலருக்குப் பயம்தான் வந்தது. பிரிட்டிஷ்காரன் போய் மலாயாக்காரன் வருகிறான் என்ற பயம். 1962இல் கோபோல்ட் ஆணையம் ஊர் ஊராகப் போய்க் கேட்டது. அதன் கணிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உறுதியாக ஆதரவு, இன்னொரு பங்கினர் பாதுகாப்பு கொடுத்தால் ஆதரவு, மீதிப் பேரில் சிலர் முதலில் சுதந்திரம் வேண்டும் என்றார்கள், சிலர் பிரிட்டிஷ் ஆட்சியே இருக்கட்டும் என்றார்கள்.

அந்த நடுப் பங்கினருக்காகக் கொடுத்த வாக்குறுதிகள்தான் சபாவின் 20 அம்சம், சரவாக்கின் 18 அம்சம். 1963 ஜூலை 9 அன்று லண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐ.நா. குழு வந்து மக்கள் விருப்பத்தைச் சரிபார்க்க நேரம் பிடித்ததால், ஆகஸ்ட் 31 என்று இருந்த நாள் செப்டம்பர் 16க்குத் தள்ளிப்போனது. குடிநுழைவு அதிகாரம் அந்தப் பேரத்தின் முக்கியத் துண்டு. தீபகற்பத்து மக்கள் மொத்தமாக வந்து வேலையையும் நிலத்தையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. அதனால் சுற்றுலா என்றால் 90 நாள், வேலை என்றால் தனி அனுமதி. தீபகற்பத்து வழக்கறிஞர்கூட அங்கே போய் இஷ்டத்துக்குத் தொழில் செய்ய முடியாது. உயர் நீதிமன்றமும் மலாயாவுக்கு ஒன்று, சபா சரவாக்குக்கு ஒன்று. கோபப்படாமல் பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

அப்படின்னா தீபகற்பத்து மாநிலங்களைக் கேட்டுத்தான் மலேசியாவை உருவாக்கினாங்களா?

கேட்கவில்லை. நல்ல கேள்வி, கிளந்தானும் இதையேதான் கேட்டது. மலேசியா பிறக்கச் சில நாள் இருக்கும்போது, 1963 செப்டம்பரில், கிளந்தான் அரசு நீதிமன்றம் போனது. நாட்டின் பெயரும் உருவமும் மாறுகிறது, ஒவ்வொரு மாநிலத்தின் சம்மதமும் வேண்டும் என்பது அதன் வாதம். தலைமை நீதிபதி தாம்சன் செப்டம்பர் 14 அன்று தள்ளுபடி செய்தார். நாடாளுமன்றத்துக்குச் சாசனம் கொடுத்த அதிகாரமே போதும் என்று தீர்ப்பு. இரண்டு நாளில் மலேசியா பிறந்தது.

சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு நாடாளுமன்ற ஓட்டு இருந்தால் பெரும்பாலான விஷயங்களில் போதும். ஆட்சியாளர்களின் உரிமை சம்பந்தப்பட்டால் ஆட்சியாளர்கள் மாநாட்டின் சம்மதம் வேண்டும். சபா, சரவாக்குக்கு 161ஈ பிரிவு தனிக் காவல். ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றவும் அந்த மாநிலத்தின் சம்மதம் வேண்டும். மற்றபடி தீபகற்பத்து மாநிலங்களுக்குக் கையில் பூட்டு இல்லை.

சிங்கப்பூர் போனதால சபா, சரவாக்குக்கு என்ன நஷ்டம்? அவங்க ஏன் இன்னமும் அதையே பேசுறாங்க?

எண்ணிக்கையைப் பாருங்கள். 1963இல் மக்களவையில் 159 இடங்கள்: மலாயாவுக்கு 104, சரவாக்குக்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15. மலாயாவுக்கு வெளியே 55. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மலாயா மட்டும் நினைத்தால் சாசனத்தைத் திருத்த முடியாது. 1965 ஆகஸ்ட் 9 அன்று ஒரே நாளில், 126க்குப் பூஜ்யம் என்ற ஓட்டில், சிங்கப்பூர் வெளியேற்றப்பட்டது. அந்த 15 இடமும் போனதோடு அந்தத் தடுப்புச் சுவரும் போனது. இன்று 222 இடங்களில் சபா 25, சரவாக் 31, லாபுவான் 1. கூட்டினால் 57, நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

1976இல் ஒரு திருத்தம் வந்து, தனியே 'போர்னியோ மாநிலங்கள்' என்றிருந்த சபாவையும் சரவாக்கையும் பதிமூன்று பெயர்ப் பட்டியலில் கலந்துவிட்டது. அதைத் திருப்ப 2019இல் முயன்றபோது 138 ஓட்டுதான் கிடைத்தது, 148 வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் 199 ஓட்டோடு நிறைவேறியது. வெறும் வாசகம்தானே என்று தீபகற்பத்தில் உள்ளவர்கள் சொல்வார்கள். சரவாக் தலைநகர் கூச்சிங்கில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

பட்டியல்ல இல்லாத அதிகாரமெல்லாம் மாநிலத்துக்குத்தான்னு படிச்சேன். அப்போ இந்தியாவைவிட நம்ம மாநிலங்களுக்கு பவர் ஜாஸ்தியா?

ஏட்டில் அப்படித்தான். 77ஆவது பிரிவுப்படி எஞ்சிய அதிகாரம் மாநிலங்களுக்கு. இந்தியாவில் அது மத்திய அரசுக்கு. ஆனால் நம் மத்தியப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்த்தீர்களா? சாப்பாடு முழுவதையும் ஒருவர் எடுத்துக்கொண்டு, பாத்திரத்தில் ஒட்டியது உனக்கு என்றால் அதற்கு என்ன மதிப்பு? மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் 75ஆவது பிரிவுப்படி மத்தியச் சட்டமே நிற்கும்.

அவசரகாலம் வேறு இருக்கிறது. 1966இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் கலோங் நிங்கானைப் பதவியிலிருந்து நீக்கினார்கள், நீதிமன்றம் அவரைத் திரும்ப உட்கார வைத்தது. உடனே அங்கே அவசரகாலம் அறிவித்து, மாநிலச் சாசனத்தையே நாடாளுமன்றம் திருத்தி அவரை இறக்கியது. 1977இல் கிளந்தானில் இன்னோர் அவசரகாலம்.

மேலவை மாநிலங்களின் குரல் என்பார்கள். 1957இல் அதில் மாநிலங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 22, நியமன உறுப்பினர்கள் 16. இன்று மாநிலங்களிலிருந்து 26, நியமனம் 44. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

எண்ணெய் எடுக்குறது திரங்கானு கடல்ல. அப்புறம் ஏன் அந்த மாநிலம் காசுக்கு கையேந்துது?

வருமான வரி, சுங்க வரி எல்லாம் மத்திக்குப் போகும். மாநிலத்துக்கு நில வரி, நிலப் பிரீமியம், காடு, கனிமம், அப்புறம் தலைக்கு இவ்வளவு என்ற மானியமும் சாலை மானியமும். காட்டை வெட்டாமல் மாநிலம் நடத்து என்று சொல்வது எளிது, வருமானம் அதில்தானே இருக்கிறது? 1974 பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் எண்ணெய் முழுவதையும் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாசுக்குக் கொடுத்து, மாநிலத்துக்கு 5 விழுக்காடு ராயல்டி வைத்தது. திரங்கானுவில் 1999இல் எதிர்க்கட்சியான பாஸ் ஜெயித்தது. மறு வருடம் அந்த ராயல்டி நிறுத்தப்பட்டு, 'வாங் எஹ்சான்' அதாவது நல்லெண்ணப் பணம் என்ற பெயரில் மத்திய அமைப்புகள் வழியாகச் செலவானது. பணம் அதே மாநிலத்துக்குத்தான் போனது என்றார்கள். யார் கையால் போனது என்பதுதான் சண்டை.

ஊராட்சி மாநில அதிகாரம்னு மேலே எழுதியிருக்கீங்க. அப்போ நகராண்மைக்கு மாநிலமே தேர்தல் வைக்கலாமே?

பினாங்கு அதைத்தான் முயன்றது. 1965இல், இந்தோனேசிய மோதல் நேரத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சிகளை ஆராய நியமித்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம்மவரான ஆதி. நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது அந்த அறிக்கை. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டம் தேர்தலையே எடுத்துவிட்டு, மன்ற உறுப்பினர்களை மாநிலம் நியமிக்கும் என்றாக்கியது. 2012இல் பினாங்கு தனிச் சட்டம் இயற்றியது, 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. முன் பதிலில் சொன்ன 75ஆவது பிரிவு ஞாபகம் இருக்கிறதல்லவா?

நியமனம் ஆளும் கட்சிகளுக்கு வசதி என்பதால், எதிர்க்கட்சியாக இருக்கும்போது தேர்தல் கேட்பவர்கள் ஆட்சிக்கு வந்ததும் மெதுவாகப் பேசுகிறார்கள். இது என் கணிப்பு, பார்த்துப் பழகியது.

நான் கே.எல்.ல இருக்கேன். என் தம்பி பெட்டாலிங் ஜெயாவுல. அவனுக்கு மட்டும் ஏன் சட்டமன்ற ஓட்டு இருக்கு?

உங்கள் ஊர் 1974 பிப்ரவரி 1 வரை சிலாங்கூரின் ஒரு பகுதி. அன்று அது கூட்டரசுப் பிரதேசமானது, சட்டமன்றம் இல்லாமல் போனது. நீங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். மாநகராண்மைத் தலைவரும் நியமனம், ஊராட்சித் தேர்தல் கதை மேலே இருக்கிறது. ஆக உங்களுக்கு ஒரே ஓட்டு.

தலைநகரம் மத்தியின் கையில் இருக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்கு முன் 1969 தேர்தலில் சிலாங்கூர் சட்டமன்றம் ஆளும் கூட்டணிக்கு 14, எதிரணிக்கு 14 என்று சமமாக நின்றதையும், நகரத்து ஓட்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லையை மாற்ற மாநிலச் சம்மதம் வேண்டும் என்றேன் அல்லவா, சிலாங்கூர் சுல்தான் அதைக் கொடுத்தார். உங்கள் தம்பி வீட்டுக்குப் போகும்போது கூட்டரசு நெடுஞ்சாலையின் குறுக்கே ஒரு பெரிய வளைவைத் தாண்டுவீர்களே, கோத்தா டாருல் எஹ்சான், அது அந்த எல்லையில்தான் நிற்கிறது.